இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? கிண்டியில் பிறந்த ஒரு வரைபடத்தின் கதை

உலகத்தில் யார், எங்கே ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் சரி, அதை வெளியிடுவதற்கு முன்னால் ஒரு சதுரப் படத்தில் வைத்துச் சரிபார்த்தே ஆக வேண்டும். கேம்பிரிட்ஜிலும் டோக்கியோவிலும் அந்தப் படத்துக்கு ஒரே பெயர்தான்: ராமச்சந்திரன் வரைபடம். அது போடப்பட்டது நம்ம சென்னையில், கிண்டியில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில். நந்தனத்தில் இருந்து கிளம்பி, கோட்டூர்புரம் பாலத்தில் அடையாற்றைத் தாண்டினால் கொஞ்ச தூரம்தான்.

இதை மட்டும் சொல்லி "தமிழ்நாட்டுக்குப் பெருமை" என்று முடிக்க எனக்கு விருப்பமில்லை. அதைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சுவாரசியமாகத் தோன்றியது வேறு விஷயம். அந்த வரைபடம் யாரோ ஒருநாள் மரத்தடியில் உட்கார்ந்து யோசித்து வந்ததல்ல. "உங்கள் மாதிரி தப்பு" என்று வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு விமர்சனத்துக்குப் பதில் தேடிப் போனபோது பிறந்தது. அந்த விமர்சனத்தில் பாதி சரி என்பதுதான் இதில் வேடிக்கை. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கொஞ்சம் வடிவக் கணிதம் வரும், பயப்பட வேண்டாம். பத்தாம் வகுப்புக் கோணங்கள் தெரிந்தால் போதும்.

மின்பொறியியல் படிக்க வந்தவர்

ஜி.என். ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தவர். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனபோது சேர்ந்தது மின்பொறியியல் துறையில். அப்போது அங்கே இயற்பியல் துறையில் சர் சி.வி. ராமன் இருந்தார். பையனின் ஆர்வத்தையும் அறிவையும் பார்த்த ராமன், அவரைத் தன் துறைக்கே இழுத்துக்கொண்டார். பிறகு 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் வூஸ்டர் என்பவரிடம் படிகங்களில் எக்ஸ்-கதிர்கள் சிதறுவது பற்றி ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கினார்.

அந்தக் காலத்தில் புரதங்களின் வடிவம் பற்றிய பேச்சு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சூடாக இருந்தது. 1951-இல் லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் ஆல்ஃபா சுருளை அறிவித்தார்கள். கேம்பிரிட்ஜின் பெரிய தலைகள் தேடித் தவறவிட்டதை, வேதிப் பிணைப்பின் விதிகளை மட்டும் கறாராகப் பிடித்துக்கொண்டு பாலிங் கண்டுபிடித்தார். இந்தப் பாடத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு புதிய இயற்பியல் துறையைத் தொடங்கியது. துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். துறைத் தலைமைக்கு ராமனையே அழைத்தார்கள். அவர் வரவில்லை, தன் மாணவர் பெயரைச் சொன்னார். அப்படித்தான் முப்பது வயதில் ராமச்சந்திரன் சென்னையில் பேராசிரியராக வந்து சேர்ந்தார். ஆய்வகம் புதிது, கருவிகள் குறைவு. என்ன ஆராய்ச்சி செய்வது என்பதும் முடிவாகவில்லை.

தோலும் கங்காரு வாலும்

அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்தார் ஜே.டி. பெர்னால். எக்ஸ்-கதிர் படிகவியலில் பெரிய பெயர். பேச்சுவாக்கில் அவர் சொன்னது: கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. பாலிங் கூட 1951-இல் ஒரு மாதிரி கொடுத்திருந்தார், அது பொருந்தவில்லை.

கொலாஜன் என்றால் என்ன? நம் உடம்பில் அதிகமாக இருக்கும் புரதம். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு எல்லாவற்றையும் தாங்கி நிற்பது அதுதான். மாட்டுத் தோலைச் செருப்பாக்குவதும் கொலாஜன் வேலைதான். தோல் பதனிடுவது என்றால் அந்தக் கொலாஜன் இழைகள் அழுகாமல் நிலைக்கும்படி செய்வது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோமியம் உப்பால் தோல் பதனிட்ட ஒரு கம்பெனியால். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் பரவிக் கிடந்த மாகாணம் இது. அதனால்தான் 1948-இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாறில் தொடங்கப்பட்டது. அதாவது, கொலாஜனைப் படிக்க நினைத்த இயற்பியலாளருக்கு, கொலாஜனையே முழுநேர வேலையாகக் கொண்ட நிறுவனம் பக்கத்து வீடு மாதிரி அமைந்தது.

ராமச்சந்திரனும், அவருடன் சேர்ந்த கோபிநாத் கர்த்தாவும் வெவ்வேறு கொலாஜன் மாதிரிகளை எக்ஸ்-கதிரில் வைத்துப் படம் எடுத்தார்கள். மாதிரிகள் கிடைக்கத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உதவியது. நல்ல படம் தந்தது எது தெரியுமா? கங்காருவின் வால் தசைநாண்! அதில் இழைகள் மற்றவற்றை விட ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உப்பு மாதிரி ஒரு படிகத்தை எக்ஸ்-கதிரில் வைத்தால் நூற்றுக்கணக்கான தெளிவான புள்ளிகள் கிடைக்கும். அவற்றில் இருந்து அணுக்களின் இடத்தைக் கணக்குப் போட்டே எடுக்கலாம். இழையில் அப்படி முடியாது. மங்கலான சில திட்டுகள்தான் கிடைக்கும். சங்கிலியில் அமினோ அமிலங்கள் சராசரியாக எவ்வளவு உயரத்துக்கு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன (கொலாஜனில் சுமார் 2.86 ஆங்ஸ்ட்ராம்) என்பது போன்ற ஒன்றிரண்டு அளவுகள்தான் மிஞ்சும். ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடி ஆங்ஸ்ட்ராம். மீதியை யோசித்து மாதிரி கட்டி, அது படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

ஏன் மூன்று இழை?

படம் சொல்லாததை வேதியியல் சொன்னது. கொலாஜனில் இருக்கும் அமினோ அமிலங்களை எண்ணிப் பார்த்தால், ஏறத்தாழ மூன்றில் ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. மற்ற எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு கிளை இருக்கும். கிளைசினுக்கு அந்த இடத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு.

ஏன் சரியாக மூன்றில் ஒன்று? ராமச்சந்திரனும் கர்த்தாவும் சொன்ன விடை அழகானது. மூன்று சங்கிலிகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இடமே இருக்காது. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது அமினோ அமிலம் உள்பக்கம் திரும்பினால், அந்த இடத்தில் கிளை இல்லாத கிளைசின் மட்டும்தான் உட்கார முடியும். ஆகவே மூன்று சங்கிலி, மூன்றுக்கு ஒரு கிளைசின். 1954 ஆகஸ்ட் 7 அன்று 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வெளிவந்து ஒன்றரை வருடம் கூட ஆகவில்லை.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. பிறவியிலேயே எலும்பு எளிதில் முறிந்துபோகும் ஒரு நோய் இருக்கிறது. கொஞ்சம் தூக்கினாலே முறியும் அளவுக்குச் சில குழந்தைகளுக்குக் கடுமையாக இருக்கும். அப்படிப்பட்டவர்களில் பலருக்குக் கொலாஜன் மரபணுவில் ஒரே ஒரு மாற்றம்தான்: ஒரு கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வேறு அமினோ அமிலம். நடுவில் இடமில்லாத இடத்தில் ஒரு கிளை வந்து நுழைகிறது, கயிறு சரியாகத் திரளுவதில்லை. ஆங்ஸ்ட்ராம் கணக்கில் இருக்கும் இட நெருக்கடி குழந்தையின் தொடை எலும்பில் போய்த் தெரிகிறது.

நிலாவின் முகம்

1954-இன் மாதிரியில் ஒரு குறை இருந்தது. அதில் ஒவ்வொரு சங்கிலியும் ஒரு சுற்றுக்கு மிகச் சரியாக மூன்று அமினோ அமிலம் என்ற கணக்கில் சுழன்றது. ஒன்றுக்கு 120 டிகிரி, மூன்றுக்கு 360. அதனால் கிளைசின்கள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் நடுவைப் பார்த்து நிற்கும். வசதியான ஏற்பாடு. ஆனால் எக்ஸ்-கதிர்ப் படத்தை உன்னிப்பாகப் பார்த்தால் சுற்றுக்கு மூன்று இல்லை, மூன்றேகால் சொச்சம். பத்து அமினோ அமிலங்களுக்கு மூன்று சுற்று.

கணக்குப் போடுவோம். பத்துக்கு மூன்று சுற்று என்றால் ஒன்றுக்கு 108 டிகிரி. மூன்றுக்கு 324. முழுச் சுற்றுக்கு 36 டிகிரி குறைகிறது. அப்படியானால் அடுத்த கிளைசின் நடுவை விட்டு 36 டிகிரி விலகி நிற்கும், அதற்கடுத்தது 72... ஐந்து கிளைசின் தாண்டினால் முழுக்க வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் கிளைசின் இருக்க வேண்டும் என்ற விதியே உடைந்துவிடும்.

இதற்கு ஒரே வழி, சங்கிலியை நேராக நிறுத்தாமல் அதையும் மெதுவாகச் சுற்ற விடுவதுதான். நிலா பூமியைச் சுற்றும்போதே தன்னையும் சுற்றிக்கொள்வதால் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது அல்லவா, அதே மாதிரி. மூன்று சங்கிலிகளும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டால் கிளைசின் முகம் எப்போதும் உள்ளேயே இருக்கும். தனிச் சங்கிலி இடப்பக்கச் சுருள், மூன்றும் சேர்ந்து முறுக்கிக்கொள்வது வலப்பக்கம். கயிறு திரிப்பவர்களுக்கு இது புதிதில்லை. இழையை ஒரு பக்கம் முறுக்கி, மூன்று இழையை எதிர்ப்பக்கம் சேர்த்து முறுக்கினால்தான் கயிறு பிரியாது. இந்தத் திருத்திய மாதிரியை 1955 செப்டம்பரில் ராமச்சந்திரனும் கர்த்தாவும் மீண்டும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்.

"ரொம்ப நெருக்கம்"

சரியாக ஏழு வாரம் கழித்து, 1955 நவம்பரில், அதே இதழில் அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் கொலாஜன் பற்றி எழுதினார்கள். கிரிக் என்றால் டி.என்.ஏ. கிரிக்தான். மூன்று சங்கிலி முறுக்கிக்கொள்கிறது என்ற அடிப்படையை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் சென்னை மாதிரியின் விவரங்கள் தப்பு என்றார்கள். முக்கியமான புகார்: சென்னை மாதிரியில் மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு வரும்படி சங்கிலிகளை இழுத்து ஒட்டியிருந்தார்கள். அப்படிச் செய்தால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிடுகின்றன, ஒரு பிணைப்புத்தான் சாத்தியம் என்பது அவர்கள் வாதம். லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு ஒன்றும் கிட்டத்தட்ட அதே முடிவுக்கு வந்தது.

நம்மூர்ப் பக்கம் இருந்து யோசித்துப் பாருங்கள். மூன்று வருடம் முன்பு தொடங்கிய துறை. முதல் பெரிய கண்டுபிடிப்பு. அதை உலகின் மிகப் பிரபலமான ஆய்வகத்தில் இருந்து ஒருவர் "அணுக்கள் நெருங்கிவிட்டன" என்று தட்டிவிடுகிறார். இந்த இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். ஒன்று, வெள்ளைக்காரன் நம்மை மதிப்பதில்லை என்று கோபித்துக்கொண்டு வேறு வேலைக்குப் போகலாம். இல்லையென்றால், பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒதுங்கலாம்.

ராமச்சந்திரன் மூன்றாவதாக ஒன்று செய்தார். ஒரு கேள்வி கேட்டார்: "அளவுக்கு மீறி நெருக்கம் என்றால், அந்த அளவு என்ன?"

அதற்குத் தெளிவான பதில் யாரிடமும் இல்லை. பிணைப்பில் இல்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு கிட்டே வரலாம் என்பதற்குப் பாடப்புத்தக எண்கள் இருந்தன, ஆனால் உண்மையான படிகங்களில் அவற்றை விடக் குறைவான தூரங்களும் காணப்பட்டன. ஆகவே அவரும் வி. சசிசேகரனும் அதுவரை வடிவம் தெரிந்திருந்த அமினோ அமிலப் படிகங்களையும் சிறு பெப்டைடு படிகங்களையும் எடுத்து, அணு ஜோடி ஜோடியாகத் தூரம் பார்த்தார்கள். கார்பனும் கார்பனும், கார்பனும் ஆக்சிஜனும், ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் என்று ஒரு பட்டியல் தயாரானது. ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எண்கள்: வழக்கமான எல்லை, கடைசி எல்லை. கார்பன்–கார்பனுக்கு 3.2, கடைசியாக 3.0 ஆங்ஸ்ட்ராம். ஹைட்ரஜன்–ஹைட்ரஜனுக்கு 2.0, கடைசியாக 1.9.

கொலாஜன் சண்டைக்காகச் செய்த அளவுகோல் இது. கையில் வந்த பிறகுதான் அதைக் கொலாஜனுக்கு மட்டும் இல்லாமல் எல்லாப் புரதத்துக்கும் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. சி. ராமகிருஷ்ணனும் சேர்ந்துகொண்டார்.

இரண்டே கோணங்கள்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. அடுத்தடுத்த இரண்டை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு திருகாது. பாலிங் காட்டியது இதைத்தான்: அந்தக் கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு பாதி இரட்டைப் பிணைப்பு மாதிரி நடந்துகொள்வதால், சுற்றி இருக்கும் ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் தட்டையாக நிற்கின்றன.

ஆகவே சங்கிலியை ஒரு வரிசைச் சீட்டுக்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீட்டும் விறைப்பானது. ஒரு சீட்டின் மூலையும் அடுத்த சீட்டின் மூலையும் ஒரு கார்பன் அணுவில் சந்திக்கின்றன. அந்த அணுவின் இரண்டு பக்கமும் இருக்கும் பிணைப்புகள் சுழலும். ஒரு பக்கம் சுழலும் கோணத்துக்கு ஃபை என்று பெயர், மறுபக்கத்துக்கு சை. அவ்வளவுதான். ஒவ்வொரு மூட்டிலும் இந்த இரண்டு எண்களைச் சொல்லிவிட்டால் முதுகெலும்புச் சங்கிலியின் முழு வடிவத்தையும் சொல்லியாகிவிட்டது.

இரண்டு எண் என்றால் ஒரு தாளில் வரையலாம். குறுக்கே ஃபை, நெடுக்கே சை, இரண்டும் 360 டிகிரி. அந்தச் சதுரத்தில் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு சீட்டுகளின் ஒரு நிலை. ஒவ்வொரு நிலையிலும் எல்லா அணுக்களின் இடத்தையும் கணக்கிட்டு, பட்டியலில் இருக்கும் எல்லையை விட எந்த ஜோடியாவது நெருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நெருங்கினால் அந்த இடத்தை அடித்துவிட வேண்டும். கூட்டமான பஸ்ஸில் கையை எந்தப் பக்கம் திருப்பினாலும் யாராவது ஒருவர் மேல் முழங்கை இடிக்கும் இல்லையா, அதே நிலைமைதான் அணுவுக்கும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அது மேசைக் கணக்கு எந்திரத்தில் எண்களைத் தட்டிப் பார்க்க வேண்டிய காலம். இன்று என் பழைய லேப்டாப் ஒரு நொடிக்குள் போடும் படத்தை அவர்கள் கோணம் கோணமாகக் கணக்குப் போட்டார்கள்.

முடிவு வந்தபோது, சதுரத்தில் பெரும்பகுதி காலி. கிளை உள்ள சாதாரண அமினோ அமிலத்துக்கு, வழக்கமான எல்லைகளை வைத்தால் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு கூட மிஞ்சவில்லை. கடைசி எல்லை வரை விட்டுக்கொடுத்தாலும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். மிஞ்சிய தீவுகளில் பாலிங்கின் ஆல்ஃபா சுருள் கச்சிதமாக உட்கார்ந்தது. பீட்டா தாள் உட்கார்ந்தது. கொலாஜனும் உட்கார்ந்தது. கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் தீவுகள் மிகப் பெரிதாக விரிந்தன.

1963-இல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவர் பெயரிலும் மூலக்கூறு உயிரியல் இதழ் ஒன்றில் இது வெளிவந்தது. மொத்தம் ஐந்து பக்கம்! அப்போது உலகத்தில் அணு அளவுக்குத் தெளிவாக வடிவம் தெரிந்த புரதம் என்று பார்த்தால் மயோகுளோபின்தான். இன்று புரதத் தரவு வங்கியில் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றின் கோணங்களையும் ஒரே படத்தில் புள்ளியாக வைத்தால், அந்தப் பழைய தீவுகளின் மேல்தான் குவிகின்றன. எல்லைகளை அங்கங்கே கொஞ்சம் திருத்தியிருக்கிறார்கள், தீவுகள் இடம் மாறவில்லை.

வடிவக் கணிதம் என்ன செய்கிறது, இயற்பியல் என்ன செய்கிறது?

எனக்கு இதில் பிடித்தது இதுதான். அந்தப் படத்தைப் போட ஆற்றல் கணக்கே தேவைப்படவில்லை. அணுவைக் கெட்டியான கோலிக்குண்டாக நினைத்து, "இடிக்குமா, இடிக்காதா" என்று மட்டும் கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியே பெரும்பாலான வடிவங்களைத் தள்ளிவிட்டது. தோராயமாக ஒரு கணக்கு: ஒரு மூட்டில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்றால், நூறு மூட்டு உள்ள சங்கிலியில் மிஞ்சுவது மொத்தத்தில் 1-க்குப் பின்னால் நூறு பூஜ்யம் போட்ட எண்ணில் ஒரு பங்கு.

அதற்குப் பிறகும் மிஞ்சியது ஏராளம். அவற்றில் எது நிஜமாக அமையும் என்று தீர்மானிப்பது இயற்பியல். ஹைட்ரஜன் பிணைப்புகள், தண்ணீரை விரும்பாத கிளைகள் உள்ளே ஒளிந்துகொள்வது, மின்னூட்ட ஈர்ப்பு எல்லாம் சேர்ந்து ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. "இது முடியவே முடியாது" என்று சொல்வது வடிவக் கணிதம். "முடிகிறவற்றில் இதுதான் மலிவு" என்று சொல்வது இயற்பியல்.

யார் சொன்னது சரி?

பழைய சண்டைக்கு வருவோம். 1994-இல் அமெரிக்காவில் ஹெலன் பெர்மனின் குழு, கொலாஜன் மாதிரி அமைந்த ஒரு சிறு பெப்டைடைப் படிகமாக்கி வடிவத்தைத் துல்லியமாகப் பார்த்தது. இழை இல்லை, முழுப் படிகம். இனி யூகத்துக்கு வேலை இல்லை.

மூன்று சங்கிலி, நடுவில் கிளைசின், கயிறு மாதிரி முறுக்கு: சென்னை சொன்னது சரி. மூன்று அமினோ அமிலத்துக்கு நேரடியான ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுதான்: ரிச்சும் கிரிக்கும் சொன்னது சரி. ஆனால் சங்கிலிகளைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் பாலம் போட்டு நிற்பதும் படிகத்தில் தெரிந்தது. இரண்டாவது பிணைப்பு தண்ணீர் வழியாக அமையலாம் என்று ராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும் 1968-இலேயே எழுதியிருந்தார்கள்.

ஆக, யாரும் முழுக்கச் சரி இல்லை, யாரும் முழுக்கத் தப்பும் இல்லை. பிரச்சினை என்னவென்றால், பெருமை பங்கு போடப்படும்போது இந்த நுணுக்கம் எல்லாம் காணாமல் போய்விடுகிறது. பல இடங்களில் கொலாஜன் என்றதும் ரிச்–கிரிக் பெயரைத்தான் பார்க்கிறேன், 1954 சென்னைக் கட்டுரை பேச்சிலேயே வருவதில்லை. நம் பக்கத்தில் அதற்கு எதிர்ப்பாட்டு: கிரிக் திருடிவிட்டார் என்ற அளவுக்குப் பேசுகிறோம். இரண்டும் நியாயமில்லை. முதலில் பார்த்தவர் பெயரை விட்டுவிடுவது தவறு. விமர்சனத்தில் உண்மை இருந்ததை மறைப்பதும் தவறுதான். அதிலும், மறைத்தால் நமக்குத்தான் நஷ்டம். ஏனென்றால் அந்த விமர்சனம் இல்லாவிட்டால் தூரப் பட்டியல் இல்லை, பட்டியல் இல்லாவிட்டால் வரைபடம் இல்லை.

அதன் பிறகு

கிண்டித் துறையில் இருந்து கிளம்பியவர்கள் பல திசைகளில் போனார்கள். கோபிநாத் கர்த்தா அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் பெல்லோ, ஹார்க்கர் ஆகியோருடன் சேர்ந்து ரிபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தின் வடிவத்தை 1967-இல் வெளியிட்டார். ராமச்சந்திரன் 1970-ஐ ஒட்டிச் சென்னையை விட்டுப் பெங்களூர் போய், இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர்இயற்பியல் பிரிவை உருவாக்கினார். 1971-இல் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர் நிழல்களில் இருந்து உள்ளே இருப்பதைக் கணக்கிட ஒரு வேகமான வழியைச் சொன்னார். சி.டி. ஸ்கேன் படங்களை உருவாக்கும் கணக்குகளில் இன்றும் 'ராம்–லாக்' வடிகட்டி என்று அவர்கள் இருவர் பெயரும் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் இதுவும் அதே ரகக் கேள்விதான்: அரைகுறைப் படத்தில் இருந்து முழு வடிவத்தை எப்படி மீட்பது?

1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1999-இல் படிகவியலின் பெரிய விருதான எவால்டு பரிசு. நோபல் கிடைக்கவில்லை. மனைவி ராஜலட்சுமி 1998-இல் இறந்தார். பார்க்கின்சன் நோயோடு கடைசி வருடங்களைக் கழித்த ராமச்சந்திரன், 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார்.

இன்றைக்கு எதற்கு இது?

"இப்போதுதான் கம்ப்யூட்டரே புரத வடிவத்தைச் சொல்லிவிடுகிறதே?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆல்ஃபாஃபோல்டு என்ற நிரல் 2020-இல் எல்லாரையும் அசத்தியது. 2024-இன் வேதியியல் நோபல் பரிசு அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும், புதிய புரதங்களை வடிவமைக்கும் டேவிட் பேக்கருக்கும் போனது.

ஆனால் கம்ப்யூட்டர் சொன்னது சரியா என்று பார்ப்பது எப்படி? அதற்கு இன்றும் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, கோணங்கள் ராமச்சந்திரன் வரைபடத்தில் எங்கே விழுகின்றன என்பது. ஆய்வகத்தில் எடுத்த வடிவத்தைத் தரவு வங்கியில் சேர்க்கும்போதும், எத்தனை புள்ளிகள் தீவுக்கு வெளியே நிற்கின்றன என்ற எண் அறிக்கையில் வரும். வெளியே நின்றால் உடனே தப்பு என்று அர்த்தமில்லை. சில சமயம் அந்த இடத்தில்தான் புரதம் ஏதோ முக்கியமான வேலை செய்துகொண்டிருக்கும். ஆனால் அங்கே திரும்பிப் போய் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

மற்றவர்கள் தங்கள் மாதிரியைச் சோதிக்கும் கருவி இப்போது அது. தன் மாதிரியைச் சோதித்தவர்களுக்குப் பதில் சொல்லப் போய்ச் செய்தது, எல்லாருடைய மாதிரிக்கும் தேர்வுத்தாள் ஆகிவிட்டது.

அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்ள அரங்கத்துக்கு 'ட்ரிபிள் ஹெலிக்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதாவது முச்சுருள். சர்தார் படேல் சாலையில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியும்? இனி உங்களுக்குத் தெரியும். உயிரியல், இயற்பியல் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தரவு வங்கியில் ஏதாவது ஒரு புரதத்தை இறக்கி, அதன் ஃபை, சை கோணங்களை நீங்களே தாளில் குறித்துப் பாருங்கள். தீவுக்கு வெளியே ஒரு புள்ளி நின்றால், அது கிளைசினா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். இல்லையென்றால் எனக்கும் சொல்லுங்கள், சேர்ந்து யோசிப்போம்.